கலெக்டர் ஆபீஸ் பக்கத்து ஜெராக்ஸ் கடை: நாலு ஸ்டார், ஒன்று ஏன் குறைந்தது

இந்தக் கடைக்கு கூகுள் மேப்பில் மொத்தமே பதினோரு ரிவ்யூதான் இருக்கிறது. அதில் ஆறு பேர் ஸ்டாரை மட்டும் தட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள், ஒருத்தர் 'குட்' என்று எழுதியிருக்கிறார், இன்னொருத்தர் பக்கத்து பிரியாணிக் கடைக்கு எழுத வேண்டியதை இங்கே எழுதிவிட்டார் ('பீஸ் பெருசு'). ஒரு வருஷமாகப் போய் வருகிறவன் என்ற முறையில் நானாவது கொஞ்சம் விவரமாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன். பெயரைப் போடாதே, இருக்கிற கூட்டமே போதும் என்று நடத்துகிற அக்கா சொல்லிவிட்டார். அதனால் அடையாளம் மட்டும்: வேலூர் சத்துவாச்சாரி, கலெக்டர் ஆபீஸிலிருந்து நடக்கிற தூரம், சர்வீஸ் ரோட்டுப் பக்கம். தேடினால் கிடைக்கும்.

கடை என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பத்துக்குப் பன்னிரண்டு அறை, இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு பெரிய ஜெராக்ஸ் மெஷின், சுவரில் முருகன் காலண்டர். மே மாதத்தில் மெஷின் சூடும் சேர்ந்துகொண்டால் உள்ளே நிற்க முடியாது, வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்வு நாள் என்பதால் ஒடுகத்தூர், பள்ளிகொண்டா, கே.வி.குப்பம் என்று எல்லாப் பக்கமிருந்தும் பஸ் பிடித்து வருகிறவர்கள் மனுவோடு வாசலில் நிற்பார்கள், அன்றைக்கு அக்காவிடம் நிதானமாக ஒரு வார்த்தை பேச முடியாது. செவ்வாய் அல்லது புதன் மதியத்துக்கு மேல் போங்கள்.

சாதிச் சான்று, வருமானச் சான்று எல்லாம் இங்கே செய்வதில்லை. அதற்கெல்லாம் இ-சேவை மையத்துக்குப் போகச் சொல்லிவிடுவார். இவருடைய வேலை தேடிக் கொடுப்பது. அரசாங்கம் இணையத்தில் போட்டிருக்கிறது, ஆனால் எங்கே போட்டிருக்கிறது என்று நமக்குத் தெரியாது, அதைத் தோண்டி எடுத்து பிரிண்ட் போட்டுக் கையில் கொடுக்கிறார். அரசாணை, புல வரைபடம், டெண்டர் அறிவிப்பு, கோர்ட் தீர்ப்பு, துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு, எதைக் கேட்டாலும் 'இரு பாக்கலாம்' என்பார். இல்லாவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதிக் கொடுப்பார்.

எனக்கு இவரிடம் முதலில் பிடித்தது, இலவசத்தை இலவசம் என்று சொல்லிவிடுவது. பட்டா, சிட்டா, அ-பதிவேடு எல்லாம் அரசின் நில ஆவணத் தளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறைத் தளத்தில் காசில்லாமல் பார்த்துக்கொள்ளலாம், கையொப்பமிட்ட சான்று வேண்டும் என்றால்தான் கட்டணம். வேறு கடைகளில் இதைத் திறந்து காட்டுவதற்கே நூறு ரூபாய் வாங்குகிறார்கள், நானே கொடுத்திருக்கிறேன். இந்த அக்கா ஒரு பெரியவரிடம், "ஐயா, இது சும்மாவே பாக்கலாம், உங்க பையன் போனைக் கொடுங்க" என்று வாங்கி, பையனுக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்பியதை நேரில் பார்த்தேன். பிரிண்டுக்கு மட்டும் பக்கத்துக்கு ஐந்து ரூபாய்.

சரி, நான் எப்படி இங்கே வந்து மாட்டினேன் என்று சொல்கிறேன்.

எங்கள் ஊர் அணைக்கட்டுப் பக்கம். ஏரிக்கரையில் ஒரு பலகை நிற்கிறது: பணியின் பெயர், திட்டத்தின் பெயர், ஆண்டு எல்லாம் தெரியும், மதிப்பீடு என்று போட்ட இடத்தில் மட்டும் சரியாகத் துரு. வேலை முடிந்ததாகச் சொன்னார்கள், வரத்துக்கால்வாயில் முள் அப்படியே கிடந்தது. டீக்கடையில் கேட்டால் இருபது லட்சம் என்பார்கள், கோயில் திண்ணையில் நாற்பது என்பார்கள், யாரிடமும் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. தகவல் உரிமைச் சட்டத்தில் நானே ஒரு மனு எழுதி ஒரு அலுவலகத்துக்குப் போட்டேன். இது எங்கள் அலுவலகம் சார்ந்ததல்ல என்று ஒரே வரியில் பதில் வந்தது. அப்படி வேறு அலுவலகத்தைச் சேர்ந்ததாக இருந்தால் ஐந்து நாளுக்குள் அவர்களே அங்கே அனுப்பி, எனக்கும் தகவல் சொல்ல வேண்டும், சட்டத்தின் பிரிவு 6(3) அதைத்தான் சொல்கிறது. இது அப்போது எனக்குத் தெரியாது. மனுக் கட்டணம் பத்து ரூபாய் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆறு மாதம் கழித்து வேறு ஏதோ ஜெராக்ஸ் எடுக்கப் போன இடத்தில் இதைப் பேச்சுவாக்கில் சொன்னதும் அக்கா கேட்ட முதல் கேள்வி: "இன்னா தம்பி, ஆயக்கட்டு நூறு ஏக்கருக்கு மேலயா கீழயா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நூறு ஏக்கருக்கு, அதாவது நாற்பது ஹெக்டேருக்கு மேல் பாசனம் உள்ள ஏரி என்றால் நீர்வளத்துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். ஏரி யாருடையது என்றே தெரியாமல் மனு எழுதினால் அது ஊர் சுற்றிவிட்டுத்தான் வரும் என்றார். இந்த ஒரு கேள்விக்கே நான் ஒரு ஸ்டார் கொடுப்பேன். எந்த வெப்சைட்டும் என்னிடம் இதைக் கேட்டதில்லை.

அவரிடம் ஒரு நீள நோட்டு இருக்கிறது. அதில் ஒரு பக்கம் முழுக்க ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதியிருக்கிறார்கள் என்ற பட்டியல். குடியாத்தத்துக்கே மூன்று விதம், வாலாஜாவுக்கு நாலு, அரக்கோணத்துக்கு ஒரு கே உள்ளது, இரண்டு கே உள்ளது. ஒரு எழுத்து மாறினால் தேடல் பெட்டி 'பதிவுகள் எதுவும் இல்லை' என்று சொல்லிவிடும், பதிவு அங்கேயேதான் இருக்கும். இன்னொரு பக்கத்தில் மாவட்டக் கணக்கு. ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் 2019 நவம்பரில்தான் தனி மாவட்டமாகச் செயல்பட ஆரம்பித்தன, அதற்கு முந்தைய ஆம்பூர்க் காகிதம் வேண்டும் என்றால் வேலூர் என்று போட்டுத் தேட வேண்டும். ஆரணி, போளூர், செய்யாறு ஆட்கள் வந்தால் இன்னும் பின்னால் போக வேண்டும், 1989இல் திருவண்ணாமலை பிரிவதற்கு முன்னால் அதெல்லாம் வட ஆற்காடு. வீட்டில் உட்கார்ந்து தனியாகத் தேடுகிறவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

வேலூரைப் பற்றி ஊரில் சொல்கிற கிண்டல் எல்லாருக்கும் தெரியும், ஆறு இருக்கும் தண்ணி இருக்காது, கோட்டை இருக்கும் ராஜா இருக்க மாட்டார், கோயில் இருக்கும் சாமி இருக்காது என்று. சாமியாவது 1981இல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார். பல அரசுத் தளங்களில் 'இங்கே சொடுக்கவும்' இருக்கிறது, சொடுக்கினால் இன்னும் எதுவும் வந்து சேரவில்லை.

அடுத்த தொல்லை எழுத்துரு. பழைய அரசுக் கோப்புகள் நிறைய வானவில் மாதிரி எழுத்துருக்களில் அடித்தவை. திரையில் பார்த்தால் அழகான தமிழ், காப்பி பண்ணி ஒட்டினால் கொசு மருந்து அடித்த மாதிரி ஏதேதோ விழும். யூனிகோடையும் டேஸ் 16 என்ற தமிழ்க் குறியீட்டையும்தான் இனி பயன்படுத்த வேண்டும் என்று 2010இலேயே அரசாணை போட்டார்கள், ஆனாலும் அதற்கு முன்னால் அடித்தது, அதற்குப் பின்னாலும் பழக்கதோஷத்தில் அடித்தது எல்லாம் அப்படியே கிடக்கிறது. இன்னொரு வகை இருக்கிறது, பேப்பரைக் கோணலாக வைத்து ஸ்கேன் செய்து ஏற்றுவது. அதில் ஒரு சொல்லைக்கூடத் தேட முடியாது, முந்நூறு பக்கத்தையும் கண்ணால்தான் துழாவ வேண்டும். இணையத்தில் போட்டாச்சு என்று அவர்கள் டிக் அடித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். அக்கா எழுத்துரு மாற்றி ஒன்றை எப்போதும் திறந்தே வைத்திருக்கிறார், ஸ்கேன் கோப்புக்கு மட்டும் 'கண்ணாடி போட்டுக்கோ' என்கிறார்.

கடையில் இன்னொரு வாடிக்கையாளர் உண்டு. தொலைபேசித் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஐயா, தினமும் சாயங்காலம் வந்து ஓரமாக நாற்காலி போட்டுக்கொள்வார், அக்கா அவரைக் கணக்கில் சேர்ப்பதில்லை, டீ மட்டும் வாங்கிக் கொடுப்பார். ஒரு நாள் ஒரு தளம் முக்கால் மணி நேரமாகச் சுற்றிக்கொண்டே இருந்தபோது அவர் சொன்ன கதை இது. அமெரிக்காவில் கலிபோர்னியா சட்டமன்றத்தின் மசோதாக்கள், வாக்கெடுப்பு விவரங்கள் எல்லாம் தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே கம்ப்யூட்டரில் இருந்தன, ஆனால் காசு கொடுக்கிற கம்பெனிகளுக்குத்தான் கிடைக்கும். ஜிம் வாரன் என்று ஒரு கம்ப்யூட்டர்க்காரர், மின்னஞ்சலிலேயே ஆள் சேர்த்து, கடிதம் போட வைத்து, ஃபேக்ஸ் அனுப்ப வைத்து நெருக்கினார். டெப்ரா போவன் என்ற உறுப்பினர் கொண்டுவந்த மசோதா 1993இல் சட்டமானது, அதன்படி சட்டமன்றத் தகவலை இணையத்தில் இலவசமாகத் தர வேண்டும். அதே காலத்தில் கார்ல் மாலமூட் என்பவர், கம்பெனிகள் அரசிடம் தாக்கல் செய்கிற கணக்குகளைத் தானே இலவசமாக இணையத்தில் ஏற்றினார், கொஞ்ச நாள் நடத்திவிட்டு நிறுத்தப்போகிறேன் என்றதும் பழகிப்போன ஜனங்கள் சத்தம் போட, 1995இல் அரசாங்கமே அதை எடுத்து நடத்தியது. நம்ம நாட்டில் பொதுஜனங்களுக்கு வி.எஸ்.என்.எல். இணையம் வந்ததே 1995 ஆகஸ்ட் 15தான் தம்பி, என்று சிரித்தார். அந்த மாலமூட் பின்னால் இந்தியத் தர நிர்ணயங்களையும் காசு கொடுத்து வாங்கி இணையத்தில் போட்டு, இங்கே வழக்கு வரைக்கும் போனார் என்பது கூடுதல் தகவல்.

இங்கே கதை வேறு மாதிரி நடந்தது, கம்ப்யூட்டரே இல்லாமல். ராஜஸ்தானில் கூலி வேலை செய்கிறவர்கள், நம்ம பணம் நம்ம கணக்கு என்று மஸ்டர் ரோலை, அதாவது வேலைக்கு வந்தவர்களின் வருகைப் பதிவேட்டைக் காட்டச் சொல்லி 1996இல் பியாவர் ஊரில் நாற்பது நாள் உட்கார்ந்தார்கள். தமிழ்நாடு 1997இலேயே தனக்கென்று தகவல் உரிமைச் சட்டம் போட்டது, விலக்குப் பட்டியல் நீளம் என்பதால் அது யாருக்கும் பெரிதாக உதவவில்லை. 2005 அக்டோபர் 12 முதல் இப்போதைய சட்டம். இதில் ஐயா அடிக்கடி விரல் நீட்டிச் சொல்வது பிரிவு 4. பதினேழு தலைப்புகளில் விவரங்களை யாரும் கேட்காமலே ஒவ்வொரு அலுவலகமும் தானாக வெளியிட வேண்டும், அதுவும் சட்டம் வந்து 120 நாளில். "மனு போடறதே கடைசி வழிதான், அதை நாம முதல் வழி ஆக்கிட்டோம்" என்பார். 2023இல் வந்த தனிநபர் தரவுச் சட்டம், தனிநபர் விவரங்களுக்கு விலக்குத் தரும் பிரிவு 8(1)(ஜே)யைத் திருத்தியது பற்றிப் பேச ஆரம்பித்தால் டீ ஆறிவிடும், அதனால் அந்தப் பக்கம் பேச்சைக் கொண்டுபோகாதீர்கள்.

நல்லதையும் அவர்தான் காட்டிக் கொடுத்தார். நம்ம எம்.பி. மக்களவையில் என்ன கேள்வி கேட்டார், அமைச்சர் என்ன பதில் சொன்னார் என்பதை நாடாளுமன்றத் தளத்தில் பெயர் போட்டே எடுத்துவிடலாம், நட்சத்திரக் குறியிட்ட வினாவா குறியிடாததா என்று பிரித்தே இருக்கிறது. தீர்ப்புக்கு இந்தியன் கானூன், 2008இல் தொடங்கியது, அரசு நடத்துவதில்லை, ஆனாலும் பல வக்கீல்கள் முதலில் திறப்பது அதைத்தான். மசோதாவைச் சுருக்கமாகப் புரிந்துகொள்ள பி.ஆர்.எஸ். என்ற ஆய்வு அமைப்பின் தளம். வேட்பாளரின் சொத்து, வழக்கு விவரத்துக்கு மைநேதா, தேர்தல் நேரத்தில் இதைத்தான் கடையில் அதிகம் பிரிண்ட் எடுக்கிறார்கள். வேட்பாளர் இந்த விவரங்களை எழுதிக் கொடுக்கிற பிரமாணப் பத்திரமே ஏ.டி.ஆர். என்ற அமைப்பு வழக்குப் போட்டு, 2002இலும் 2003இலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதால்தான் நம் கைக்கு வந்தது. நம்ம சட்டமன்றத்தின் கேள்வி நேரம் நேரடியாக ஒளிபரப்பானதும் 2022 ஜனவரியில்தான், அதற்கும் பல வருஷம் கேட்டு, கோர்ட்டுக்குப் போய், அப்புறம்தான்.

என் ஏரிக்கு வருகிறேன். எங்கள் ஏரி நூறு ஏக்கருக்குக் கீழே, ஆக ஊராட்சி ஒன்றியம். அக்கா முதலில் ஊராட்சிப் பணி, கணக்கு விவரங்கள் இருக்கிற இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் தேடினார், டெண்டர் தளத்தில் தேடினார், நாங்கள் கேட்ட வேலை சிக்கவில்லை. அப்புறம் மனு. நான் எழுதி வைத்திருந்த பழைய மனுவைப் படித்துவிட்டு, "ஏன் கால்வாயைத் தூர்வாரலைன்னு கேட்டிருக்கியே, ஏன்னு கேட்டா பதில் சொல்லணும்னு சட்டத்துல இல்ல தம்பி, காயிதத்தைக் கேளு" என்றார். அவர் எழுதியது வெறும் நாலு வரி: மதிப்பீட்டு நகல், வேலை உத்தரவு நகல், எம்-புக் நகல், பில் நகல். எம்-புக் என்பது அளவுப் புத்தகம், எத்தனை மீட்டர், எவ்வளவு மண் என்று இன்ஜினியர் அளந்து எழுதுவது, பில் அதை வைத்துத்தான் பாஸ் ஆகும். ஐந்தாவதாக, பணி நடந்த இடத்தை நேரில் ஆய்வு செய்ய அனுமதி என்று ஒரு வரி சேர்த்தார், அது பிரிவு 2(ஜே)யில் இருக்கிறதாம்.

ஆன்லைனிலேயே போடலாமே என்றேன். மாநில அரசுக்குத் தனித் தளம் இருக்கிறது, கட்டணம் அதே பத்து ரூபாய், மனு எண் உடனே கைக்கு வந்துவிடும். தலைமைச் செயலகம், பெரிய துறைகள் என்றால் அவரே ஆன்லைனில்தான் போடுகிறார். ஊராட்சி ஒன்றிய அளவுக்கு மட்டும் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டித் தபால், ஒப்புகையோடு. அந்த ஒப்புகையைக் கையில் வைத்திருந்தால் தனி தைரியம் என்கிறார். எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை, வீட்டிலிருந்தே போட முடிகிறதை எதற்குத் தபால் ஆபீஸ் வரிசையில் நின்று செய்ய வேண்டும்? ஆனால் வாதாடவில்லை. எழுதி, அடித்து, பிரிண்ட் போட்டதற்கு ஐம்பது ரூபாய்.

முப்பது நாள் ஆயிற்று, ஒன்றும் வரவில்லை. முதல் மேல்முறையீட்டுக்கு முப்பது நாள்தான் அவகாசம், நான் மறந்தே போயிருப்பேன், அக்காதான் நோட்டைப் பார்த்து போன் பண்ணினார். அதற்குக் காசு வாங்கவில்லை. மேல்முறையீடு போன இரண்டாவது வாரம் கவர் வந்தது, முப்பத்தெட்டுப் பக்கம். கெடு தாண்டினால் இலவசமாகத்தான் தர வேண்டும் என்பதால் பக்கத்துக்கு இரண்டு ரூபாயும் கேட்கவில்லை.

உள்ளே இருந்தது எனக்கே கொஞ்சம் சங்கடம். மதிப்பீட்டில் வரத்துக்கால்வாயே கிடையாது. கரையைப் பலப்படுத்துவது, ஒரு மதகைச் சரிசெய்வது, அவ்வளவுதான் வேலை. தொகையும் டீக்கடைக் கணக்கைவிடக் குறைவு. எம்-புக்கில் இருந்த கரை நீளத்தை நானும் என் சித்தப்பா மகனும் கயிறு போட்டு அளந்தோம், சொல்கிற அளவுக்கு வித்தியாசம் இல்லை. இரண்டு வருஷமாகக் கால்வாய்க் காசைத் தின்றுவிட்டார்கள் என்று ஒரு மனுஷனைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தோம். அந்தப் பலகையில் துருப் பிடிக்காமல் இருந்திருந்தாலோ, மதிப்பீட்டை ஒரு பக்கம் ஸ்கேன் செய்து எங்கேயாவது போட்டிருந்தாலோ இது நடந்திருக்காது. கால்வாயை ஏன் சேர்க்கவில்லை என்பது வேறு கேள்வி, அது இன்னும் அப்படியே இருக்கிறது.

இனி ஸ்டார் குறைந்த கதை. அந்த நீள நோட்டின் பின்பக்கத்தில் எல்லாருடைய மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் இருக்கிறது. மின்னஞ்சல் இல்லாதவர்களுக்கு அவரே உருவாக்கிக் கொடுக்கிறார், பாஸ்வேர்டு எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி, பெயரோடு பிறந்த வருஷம். நல்ல மனசில்தான் செய்கிறார், ஆனால் நோட்டு மேசை மேல் திறந்தே கிடக்கிறது. இன்னொன்று இதைவிட மோசம்: வீணான தாள்களைத் திருப்பிப் போட்டு டிராஃப்ட் பிரிண்ட் எடுக்கிறார், என் மனுவின் டிராஃப்ட்டைத் திருப்பினால் யாரோ ஒரு அம்மாவின் ஆதார் நகல், போட்டோவோடு. சொன்னேன். "அட ஆமா" என்று வாங்கிக் கிழித்தார். அடுத்த முறை போனபோது வேறொருவரின் பேங்க் பாஸ்புக் முதல் பக்கம். அரசாங்கம் வெளியே காட்ட வேண்டியதை மறைக்கிறது என்று பேசிக்கொண்டிருக்கிற இடத்திலேயே, மறைக்க வேண்டியது காற்றில் பறக்கிறது. இதற்கு ஒரு ஸ்டார் கட்டாயம் குறைக்க வேண்டும், அரை ஸ்டார் வசதி இருந்திருந்தால் ஒன்றரை குறைத்திருப்பேன்.

போகிறவர்களுக்கு: சர்வே எண் தெரிந்தால் எழுதிக்கொண்டு போங்கள், 'ஏரிக்குக் கிழக்கே' என்று சொன்னால் அக்காவுக்குக் கோபம் வரும். ஓ.டி.பி. வருகிற போனைக் கையோடு எடுத்துப் போங்கள், சொந்தப் பாஸ்வேர்டை நீங்களே அடியுங்கள், டிராஃப்ட்டை வாங்கி வந்துவிடுங்கள். ஒன்றரை மணியிலிருந்து மூன்று வரை சாப்பாட்டுக்கு ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். ஜிபே உண்டு, ஐந்து ரூபாய்க்கு ஜிபே பண்ணினால் முறைப்பார்.

ஆகஸ்ட் 15 கிராம சபையில் அந்த முப்பத்தெட்டுப் பக்கத்தைக் கொண்டுபோய், கால்வாயையும் சேர்த்து மதிப்பீடு போட வேண்டும் என்று தீர்மானம் எழுத வைத்தோம். தீர்மானத்தின் நகலைக் கேட்டால் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்கிறார்கள். அதற்கு மனு அடிக்க புதன்கிழமை மறுபடியும் போகிறேன்.